மனநல வார்டில் எப்படிப் பேசுவது: ஒரு நர்சிங் மாணவிக்குப் பதில்

வேலூரில் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. மனநல வார்டில் போஸ்டிங் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஒன்பது நாள் மீதி. சிகிச்சை உரையாடலின் உத்திகளை அவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். ஆனால் நோயாளியின் எதிரே உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஓர் அம்மா, "அந்தக் குரல் உனக்கும் கேட்கிறதுதானே?" என்று கேட்டபோது பயத்தில் "கேட்கிறது" என்று சொல்லிவிட்டார். இன்னொருவர், "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய், ஒன்று சொல்கிறேன்" என்று இரண்டு நாளாகக் கையை நீட்டுகிறார். நோயாளியோடு பேசியதை அப்படியே எழுதிக் காட்டும் ப்ராசஸ் ரெக்கார்டிங் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. "எனக்கு இந்த வேலை வராதா?" என்று முடித்திருக்கிறார்.

வரும். சிவப்பு மைக்குக் காரணம் உங்கள் மனசு அல்ல, நீங்கள் படித்த முறை. நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மனநலச் செவிலியராக இருந்தவள். என் முதல் ஆண்டு நோட்டும் இப்படித்தான் இருந்தது. நாம் இந்தப் பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறோம். குடியாத்தத்து நெசவாளரிடமும் பேரணாம்பட்டில் பீடி சுற்றும் அம்மாவிடமும் தமிழில் பேசுகிறோம். நடுவில் இருக்கும் பள்ளத்தை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. புத்தகத்து வாக்கியத்தை அப்படியே தமிழாக்கி, "நீங்கள் வருத்தமாக உணர்வதுபோல் தெரிகிறது" என்று சொன்னால், எதிரே இருப்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. "முகம் வாடியிருக்கிறதே, அம்மா" என்று சொல்லுங்கள். அதே உத்திதான், ஆனால் அவருக்குப் புரியும் பேச்சு.

முதலில் அந்தக் குரலை எடுத்துக்கொள்கிறேன். "கேட்கிறது" என்றது தவறுதான். அந்த அம்மாவுக்கு அவர் அனுபவிப்பது நோயா நிஜமா என்ற சந்தேகம் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கும். உங்கள் பதில் அதை அடைத்துவிட்டது. "அப்படி ஒன்றும் இல்லை, உங்கள் பிரமை" என்று சொல்லியிருந்தாலும் தவறுதான். அவர் காதில் விழுவதை நீங்கள் பொய் என்கிறீர்கள். நாளை முதல் உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான் நடக்கும். சொல்ல வேண்டியது இது: "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, அம்மா. உங்களுக்குக் கேட்கிறது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அது கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" முதல் வாக்கியம் உங்கள் நிஜம், இரண்டாவது அவருடைய நிஜம், மூன்றாவது பயத்தின் பக்கம் திரும்புகிறது. இந்த வரிசை மாறக்கூடாது.

இதற்குப் பிறகு ஒரு கேள்வி கட்டாயம் உண்டு. பல மாணவிகள் இதை விட்டுவிடுகிறார்கள். "அந்தக் குரல் என்ன சொல்கிறது? ஏதாவது செய்யச் சொல்கிறதா?" தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரலாக இருந்தால் அன்றைய டியூட்டி டாக்டருக்கும் இன்சார்ஜ் சிஸ்டருக்கும் உடனே சொல்ல வேண்டும், கேஸ் ஷீட்டில் நோயாளியின் சொற்களிலேயே எழுத வேண்டும். "குரல் கேட்கிறது" என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பால் அடுத்த ஷிப்டுக்கு ஒரு பயனும் இல்லை. அதன்பின் மீண்டும் மீண்டும் குரலைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். தலை சீவலாமா, துணி மடிக்கலாமா என்று கைக்கு ஒரு வேலை கொடுங்கள். காதுக்குள் நடப்பதிலிருந்து கை சிறிது நேரமாவது அவரை வெளியே கொண்டுவரும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். தமிழில் சில சின்னச் சொற்கள் இருக்கின்றன. வெளியே அவை எளிய சொற்கள். மனநல வார்டில் ஒவ்வொன்றும் கத்திபோல. நான் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

"சரி" என்பது முதல் சொல். தொலைபேசியிலும் வீட்டிலும் நாம் "சரி, சரி" என்றுதான் கேட்டுக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டில் விஷம் கலக்கிறார் என்று உறுதியாக நம்பும் ஒருவரிடம் நீங்கள் "சரி" என்றால், அவர் கணக்கில் நீங்கள் சாட்சி சொல்லிவிட்டீர்கள். "சிஸ்டரே ஒப்புக்கொண்டார்" என்று மனைவியிடம் சண்டை போட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்; அந்த சிஸ்டர் நான்தான். "ம்" என்று ம் கொட்டுங்கள். "கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். "சரி" என்ற சொல்லை நீங்கள் உண்மையிலேயே சம்மதிக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வார்த்தையின் வாலில் தொங்கும் "ஆம்". ரவுண்ட்ஸில் கட்டிலருகே நின்று, "இவருக்கு ராத்திரியில் யாரோ வந்து மிரட்டுகிறார்களாம்" என்று டாக்டரிடம் சொல்கிறோம். அந்தச் சின்ன ஒட்டு, "இவர் சொல்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை" என்று ஊருக்கே அறிவிக்கிறது. நோயாளிக்குச் சிந்தனை குழம்பியிருக்கலாம், தமிழ் குழம்பவில்லை. அவர் முன்னால், "ராத்திரியில் யாரோ வந்து மிரட்டுவதாகச் சொல்கிறார், மூன்று நாளாகத் தூங்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கேலி உதிர்ந்துபோகும். அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லும் உத்தி என்று நோட்டில் எழுதுகிறீர்கள் அல்லவா, அது தமிழில் வெற்றி பெறுவதும் தோற்பதும் இந்த "ஆம்" ஒட்டுவதில்தான்.

மூன்றாவது, "ஏன்". "ஏன் மாத்திரை போடவில்லை?" "ஏன் குளிக்கவில்லை?" "ஏன் அழுகிறீர்கள்?" தமிழ் வீடுகளில் ஏன் என்பது பெரும்பாலும் கேள்வி கிடையாது, திட்டு. மாமியாரும் வாத்தியாரும் முதலாளியும் கேட்ட ஏன்களின் பட்டியலோடுதான் அவர் இங்கே வந்திருக்கிறார். "மாத்திரை போடுவதில் என்ன சிரமம் வந்தது?" "எப்போதிலிருந்து குளிக்கப் பிடிக்காமல் போனது?" என்று கேளுங்கள். எத்தனையோ முறை இதற்கு, "அந்த மாத்திரை போட்டால் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, சிஸ்டர்" என்று பதில் வரும். அது சாக்கு இல்லை. மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரும் சில மருந்துகளால் வரும் உட்கார முடியாத தவிப்பு அது. "ஏன்" என்று கேட்டிருந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். நீங்கள் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருப்பீர்கள். ஒருவேளை மருந்தின் அளவைக்கூட ஏற்றியிருப்பார்கள்.

நான்காவது, "நாம்". "நாம் ஊசி போட்டுக்கொள்ளலாமா?" என்று கொஞ்சுகிறோம். ஊசி போட்டுக்கொள்ளப்போவது அவர் ஒருவர்தான். ஐம்பது வயது மனிதரிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். "நாங்கள் உங்களுக்கு ஊசி போடப்போகிறோம்" என்பது அதைவிட மோசம். ஒரு கூட்டம் இந்தப் பக்கம், அவர் தனியாக அந்தப் பக்கம். "நான் உங்களுக்கு ஒரு ஊசி போட வேண்டியிருக்கிறது. தூக்கத்துக்கு. இடது கையா வலது கையா, எது வசதி?" என்று "நான்" போட்டுப் பேசுங்கள். பொறுப்பு உங்களுடையதாகவும் தேர்வு அவருடையதாகவும் இருக்கட்டும்.

மருந்து என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. நம் பக்கத்துக் கிராமங்களில் "மருந்து குடித்துவிட்டார்" என்றால் பூச்சிக்கொல்லியைக் குடித்துவிட்டார் என்று பொருள். தற்கொலைக்கு முயன்று பிழைத்து வந்த பெண்ணிடம், வார்டு முழுக்கக் கேட்கும்படி, "மருந்து குடித்துவிட்டாயா?" என்று ஒருவர் கேட்டதையும், அந்தப் பெண் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டதையும் நான் மறக்கவில்லை. கேட்டவர் காலை டானிக்கைத்தான் நினைத்துக் கேட்டார். "மாத்திரை", "டானிக்", "ஊசி" என்று பொருளின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

மேலே "குடித்துவிட்டாயா" என்று ஒருமையில் எழுதியதைக் கவனித்தீர்களா? நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் நோயாளிகளை அப்படித்தான் அழைத்தார்கள். "ஏழாம் நம்பர், இங்கே வா." அந்த ஏழாம் நம்பர் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியர், அவர் தெருவில் நடந்தால் ஆட்கள் வேட்டியை இறக்கிவிட்டு வணங்குவார்கள். மனநோய் வந்ததும் "ங்க" போய்விடுகிறது. ஒருவரை மனிதக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்று சொல்லத் தமிழில் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. என் முதல் சண்டை இதற்காகத்தான், அதில் நான் தோற்றேன். ஆனாலும் என் ஷிப்டில் ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என்றே கூப்பிட்டேன். ஒரு திருத்தம்: எல்லோரையும் உறவு சொல்லி அழைக்காதீர்கள். இருபத்திரண்டு வயது மாணவி நீங்கள். மனவெழுச்சி மிகுந்த நிலையில் இருக்கும் இளைஞர் ஒருவரை அண்ணா என்று கூப்பிட்டு நெருக்கம் காட்டுவதைவிட, பெயரோடு "சார்" சேர்ப்பது இருவருக்கும் நல்லது. யாரோ துரத்துவதாகச் சந்தேகப்படுகிறவருக்கோ திடீர் உறவே சந்தேகத்தைக் கூட்டும். முதல் நாளே, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். தொடுவதும் அப்படித்தான். தோளைத் தட்டுவது ஆறுதல் என்று படித்திருப்பீர்கள். நம் ஊரில் வயதும் ஆணா பெண்ணா என்பதும் பார்த்துத்தான் அது ஆறுதலாகும்.

"சாப்பிட்டீர்களா?" நம் வணக்கமே அதுதான். மனச்சோர்வில் இருப்பவரிடம் தாராளமாகக் கேளுங்கள், "என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள்?" என்று நீட்டுங்கள். ஆனால் சாப்பாட்டில் விஷம் என்று நம்புகிறவருக்கு அது வணக்கம் ஆகாது, விசாரணை ஆகிவிடும். அவரிடம் வற்புறுத்தவும் கூடாது, "நான் சாப்பிட்டுக் காட்டட்டுமா?" என்று பந்தயமும் கட்டக்கூடாது. உரிக்காத வாழைப்பழம், ஓட்டோடு அவித்த முட்டை, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். எல்லோருக்கும் போடும் பாத்திரத்திலிருந்து அவரே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வசதி. நம்பிக்கை திரும்பும் வரை வயிறு காயாமல் இருக்க வேண்டும்.

பேசவே பேசாதவரிடம் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்களைப் போன்றவர்கள் அதிகம் பயப்படுவது மௌனத்துக்குத்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து கைத்தறி நெசவாளர் ஒருவர் வந்திருந்தார். கடும் மனச்சோர்வு. கேட்டால் பதில் இல்லை, கண் சுவரில். ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு, "நான் கால் மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்காரப்போகிறேன். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்வேன். சொன்ன நேரத்துக்கு எழுந்து, "நாளை பத்து மணிக்கு வருவேன்" என்பேன். வெறுமனே உட்கார எனக்கு வராது. அதனால் கிழிந்த தலையணை உறைகளை எடுத்துவந்து தைத்துக்கொண்டிருப்பேன். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, நூல் சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன். "இழுக்காதீர்கள், இழை அறுந்துவிடும்" என்றார். கையை நீட்டி வாங்கிச் சிக்கை எடுத்தார். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் நான் நூலை நீட்டினேன், தறி விற்றுப்போன கதையைச் சொன்னார். ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர் செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே சிகிச்சையாக வைத்து 1952-இல் எழுதியதைப் பாடத்தில் படிக்கிறீர்கள். எனக்கு அது நூல்கண்டில்தான் புரிந்தது. சொன்ன நேரத்துக்கு வருவது, சொன்ன நேரத்துக்குப் போவது: உறவு அதிலிருந்து முளைக்கிறது.

இப்போது சத்தியம். கையை நீட்டுகிறவரின் கையில் அடிக்காதீர்கள், வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதியும் தராதீர்கள். "நீங்கள் சொல்வதை ஊரிலோ பஸ்ஸிலோ யாரிடமும் பேசமாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கோ வேறு யாருக்கோ ஆபத்து வருகிற விஷயமாக இருந்தால் உங்களைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரிடமும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல்வேன். சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." இப்படிச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார் என்று பயப்படுகிறீர்கள். சிலர் மூடிக்கொள்வார்கள். பெரும்பாலானவர்கள் அரை மணி கழித்துச் சொல்வார்கள். ஏனென்றால் இரண்டு நாளாகக் கையை நீட்டுகிறவர் சொல்லத்தான் விரும்புகிறார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சை தரும் குழுவுக்குள் சொல்வதும், பிறருக்கு வரும் தீங்கைத் தடுக்கச் சொல்வதும் அதில் விலக்கு. என் அனுபவத்தில் அந்த இரகசியம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வீட்டில் நடந்த அவமானம் ஒன்று. மாத்திரைகளை விழுங்காமல் சேர்த்துவைத்திருப்பது இன்னொன்று. அதனால் இன்றைக்கே இன்சார்ஜ் சிஸ்டரிடம், "இவர் இப்படிக் கேட்கிறார், எதையோ வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது" என்று சொல்லிவிடுங்கள். மாத்திரை கொடுத்தபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளாதபடி எல்லோரிடமும் ஒரேபோலச் செய்யுங்கள்.

சாவைப் பற்றி நேராகக் கேட்கலாமா என்ற தயக்கம் எல்லா மாணவிகளுக்கும் உண்டு. கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. இருக்கிற எண்ணத்தைத் தனியாகச் சுமந்தவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். படிப்படியாகப் போகலாம். "வாழ்க்கையே வெறுத்துப்போனதுபோல் இருக்கிறதா?" பிறகு, "செத்துப்போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறதா?" பிறகு, "அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா?" மூன்றாவதற்கு ஆம் என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு டாக்டரைத் தேடி ஓடாதீர்கள், அங்கிருந்தே ஆளை அனுப்புங்கள். "ஐயோ, பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளை நினைத்து நினைத்துத்தான் அவர் இந்த முடிவுக்கே வந்திருப்பார்; "நான் இல்லாவிட்டால் அவர்களாவது நன்றாக இருப்பார்கள்" என்பது மனச்சோர்வின் கணக்கு. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும்; சில சமயம் மனசு தெளிவதற்கு முன் உடலில் தெம்பு வந்துவிடும். அந்த நாட்களில், "இப்போது நன்றாகிவிட்டார்" என்று கண்ணை எடுக்கக்கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் வருமோ என்ற பயத்தில் மறைக்கும் குடும்பங்களிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும்போது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை மாத்திரை அட்டையின் பின்புறம் எழுதிக்கொடுங்கள். எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950-களிலேயே குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை தரத் தொடங்கியது. நாட்டில் அதற்கு முன்னோடியான இடங்களில் அதுவும் ஒன்று. இன்று அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனாலும் கட்டிலுக்குக் கீழே பாயோடு அம்மாவோ அக்காவோ இருப்பார். பெரிய பலம் அது. ஆனால் உரையாடல் பாடம் நோயாளியும் நீங்களும் மட்டும் இருக்கும் ஓர் அறையைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டது. இங்கே நீங்கள் கேள்வி கேட்டால் அண்ணன் பதில் சொல்வார். முதல் நாளே, "காலையில் இவரிடம் தனியாகப் பேசுவேன், மாலையில் உங்கள் எல்லோரிடமும் பேசுவேன்" என்று நேரம் பிரித்துவிடுங்கள். இருவருக்கும் மனத்தாங்கல் வராது. குடும்பத்தின் தொடர்ந்த குறைகூறலும் பகையும், மூச்சு முட்டும் அளவுக்கான அக்கறையும் நோய் திரும்பி வர வழி செய்யும் என்பது ஆராய்ச்சிகளில் தெளிவாகியிருக்கிறது. "இவன் சோம்பேறி, சிஸ்டர்" என்று தாய் சொன்னால் தாயைக் கண்டிக்காதீர்கள். "விடியற்காலையில் எழுந்து இவ்வளவு நாள் தனியாகப் பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கும் களைப்பாக இருக்கும்" என்று முதலில் சொல்லிவிட்டு, நாள் முழுக்கப் படுத்திருப்பதும் அந்த நோயின் ஒரு பகுதி என்று பிறகு சொல்லுங்கள். முதல் வாக்கியம் இல்லாமல் இரண்டாவது உள்ளே போகாது.

தாயத்தையும் மந்திரித்த கயிற்றையும் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். மின்னதிர்வுச் சிகிச்சைக்கு முன் உலோகத் தாயத்தைக் கழற்ற வேண்டிவந்தால் அம்மா கையாலேயே கழற்றச் சொல்லி, அவரிடமே கொடுங்கள். செய்வினை என்று நம்பும் குடும்பத்தோடு வாதம் செய்து ஜெயித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. "கோயிலுக்கும் போங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ பேரைத் திரும்ப ஓ.பி.க்கு வரவைத்திருக்கிறது. ஒரு பையனுக்கு ஊசி போட்ட அன்று மாலை கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு கண் மேலே செருகிவிட்டது. சாமி கோபித்துக்கொண்டது என்று வீட்டார் அழுதார்கள். அது ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் வரும் தசை இறுக்கம். டாக்டர் சொல்லி பினெர்கான் ஊசி போட்டதும் அரை மணிக்குள் சரியாயிற்று. முன்கூட்டியே, "இப்படி ஆகலாம், ஆனால் உடனே சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது" என்று நான் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் அப்படி நடுங்கியிருக்காது. அன்றிலிருந்து ஊசிக்கு முன் அந்த ஒரு நிமிடத்தை நான் விட்டதில்லை.

நம் வெயிலையும் பேச்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்கு உடலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்; லிட்டருக்கு 1.5 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போனால் நச்சுத்தன்மை. மே மாதத்தில் வேலூரில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, தினமும் காலையில், "கை நடுங்குகிறதா? வயிற்றுப்போக்கு இருக்கிறதா? நடக்கும்போது தள்ளாடுகிறதா?" என்று கேட்பதும் சிகிச்சை உரையாடல்தான். பதில் ஆம் என்றால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே, "நோன்பு வைப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். நோன்பு தொடங்கிய பிறகு கேட்டால் அவர்கள் மறைப்பார்கள். முன்பே கேட்டால் டாக்டரோடு உட்கார்ந்து முடிவெடுக்க நேரம் இருக்கும். உருது, தெலுங்கு, வங்காளம் பேசுகிறவர்கள் நம் வார்டுகளில் நிறைய. மொழி தெரிந்த உறவினரை வைத்துக்கொண்டு பசி, தூக்கம், வலி கேட்கலாம். சாக நினைக்கிறீர்களா என்றும், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்றும் அவர் வழியாகக் கேட்கக்கூடாது. அடிப்பவரே அவராக இருக்கலாம். வேறு ஊழியரைத் தேடிப் பிடியுங்கள்.

கோபம் ஏறுகிறவரிடம் குறைவாகப் பேச வேண்டும். ஒரே ஒருவர் பேசட்டும். ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி, நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், உங்களுக்கும் அவருக்கும் கதவுக்குப் போகும் வழி இருக்கும்படி நில்லுங்கள். துப்பட்டாவைப் பின் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வையுங்கள். குரலைத் தாழ்த்தி, "கோபமாக இருக்கிறீர்கள். யாரும் உங்களை அடிக்கமாட்டார்கள். வெளியே மரத்தடியில் உட்காரலாமா, உள்ளேயே இருக்கலாமா?" அவ்வளவு போதும். கட்டுவது கடைசி வழி: உடனடியான ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும். தண்டனையாகக் கட்டுவதும் தனியறையில் பூட்டுவதும் சட்டப்படி குற்றம். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள், 28 உயிர்கள். கட்டிய பிறகு அவர் அமைதியானதும் ஒருவர் போய் உட்கார்ந்து, "அன்று அப்படிச் செய்ய வேண்டிவந்தது. உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டும். கேட்பவர் மிகக் குறைவு. கட்டப்பட்டவர் அதை ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை.

"கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்." உங்கள் நோட்டில் இது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மனம் பேதலித்து வந்த பெண் ஒருவர், "குழந்தையை என்னிடம் தருவார்களா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. "கவலைப்படாதீர்கள், தருவார்கள்" என்றேன். மறுநாள் மாமியார் வீட்டார் குழந்தையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் என்னிடம் கோபப்படவில்லை. அதன்பின் என்னிடம் எதையும் கேட்கவில்லை. "எனக்குத் தெரியவில்லை, அம்மா. இன்று மாலை உங்கள் கணவரிடமும் டாக்டரிடமும் நீங்கள் இருக்கும்போதே கேட்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலில் ஆறுதல் குறைவுதான், ஆனால் மறுநாளும் அவர் என்னிடம் பேசியிருப்பார்.

ப்ராசஸ் ரெக்கார்டிங் எழுதும்போது, சொன்னதை அழகுபடுத்தாதீர்கள். "கேட்கிறது என்று பயத்தில் சொல்லிவிட்டேன்" என்றே எழுதி, பக்கத்தில், அடுத்த முறை என்ன சொல்வேன் என்று எழுதுங்கள். அந்த அம்மாவிடம் நாளையே, "அன்று நான் பயந்துபோய்த் தவறாகச் சொல்லிவிட்டேன். எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்பதைக் கேட்க எனக்கு விருப்பம்" என்று திருத்திச் சொல்லலாம். நோயாளியிடம் திருத்திக்கொள்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசியாக உங்கள் ஒன்பது நாள். நாம் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போகிறேன்" என்பதில்லை. அது அபசகுனம், "போய் வருகிறேன்" என்போம். போஸ்டிங் முடியும் நாளில் மாணவிகள் அதையே வார்டிலும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நோயாளி நம்பிவிடுகிறார். மறுவாரம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பிறகு மாத்திரையைத் துப்புவார். யாருக்கும் காரணம் தெரியாது. ஏற்கெனவே பலர் விட்டுவிட்டுப் போன வாழ்க்கை அது. அதனால் எத்தனை நாள் இருப்பேன் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்: "இன்னும் ஒன்பது நாள்தான் நான் வருவேன், அம்மா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி." காலண்டரில் அவர் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். கடைசி மூன்று நாளில் புதிய கதை எதையும் தோண்டாதீர்கள். வெள்ளிக்கிழமை அன்று வார்டு சிஸ்டரை அழைத்து வந்து, "இனி இவரிடம் சொல்லுங்கள்" என்று இருவர் எதிரிலும் சொல்லிவிட்டு, எழுந்து நின்று, "நாளை நான் வரமாட்டேன்" என்று சொல்லுங்கள். அவர் அழுதால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தது வரும்.